சுழி இல்லாமல் வந்த கடிதம்

எங்கள் அய்யா உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் மிளகாய் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மழை பொய்த்தபோது காட்டைக் கட்டிக்கொண்டு அழாமல், பரமக்குடியில் கடை போட்டு மிளகாய் வற்றல் பிடித்து ராமேசுவரத்தில் கப்பல் ஏற்றினார். இலங்கையில், தலைமன்னாரில் கடை வைத்திருந்த சித்தப்பா அதை விற்றார். அண்ணன் தம்பி பேச்செல்லாம் கடிதத்தில்தான். வற்றல் விலைக்குக் கீழேயே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றும் இருக்கும்.

அங்கே சண்டை வந்தது, கப்பல் நின்றது. கடிதம் மட்டும் எப்போதாவது கொழும்பு சுற்றி வரும். தபால்காரர் தெருமுனையில் தெரிந்தாலே அம்மா வாசலுக்கு வந்துவிடுவார்.

அப்படி வந்த ஒரு கடிதத்தில் பிள்ளையார் சுழி இல்லை. எல்லோரும் நலம், கவலை வேண்டாம் என்று மட்டும் இருந்தது. கையெழுத்து சித்தப்பாவுடையதுதான். ஆனால் சாவுச் செய்திக்கு மட்டும்தானே சுழி போடமாட்டார்கள்? யாரோ போய்விட்டார்கள், சொல்ல மனமில்லாமல் மறைக்கிறார் என்று அம்மா அழுதார். பங்காளிகள் கூடி, தீட்டு, எல்லோரும் தலை முழுகுங்கள் என்றார்கள். அய்யா அசையவில்லை.

"நலம்னு என் தம்பி எழுதிருக்கான். ஒருத்தரும் முழுகக் கூடாது. முழுகுனா ஆள் இல்லேன்னு நாமளே முடிச்ச மாதிரி."

வாய்தான் அப்படிச் சொன்னது; சோறு இறங்கவில்லை. அகதிகள் படகு வந்ததென்று காதில் விழுந்தால் போதும், கடையைப் போட்டது போட்டபடி விட்டுத் தனுஷ்கோடிக்கு ஓடுவார். ஊரோ, தீட்டு வீடென்று எங்களிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடைசியில் ஒரு படகில் சித்தப்பா, சித்தி, பிள்ளை மூவரும் வந்திறங்கினார்கள். அங்கே ராணுவச் சோதனையில் சுழியை ரகசியக் குறி என்று சந்தேகப்பட்டுக் கடிதங்களைக் கிழித்தார்களாம். அதனால் போடாமல் விட்டாராம். தபாலில் சேர்த்த பிறகுதான், அண்ணன் என்ன நினைப்பாரோ என்று உறைத்திருக்கிறது. அய்யாவின் கையைப் பிடித்ததும் அதைத்தான் முதலில் கேட்டார்.

"அண்ணே, முழுகிட்டீகளா?"

"இல்லலே" என்றார் அய்யா. அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

சண்டை ஓய்ந்து சித்தப்பா திரும்பிப் போன பிறகும், போன் வரச் சற்றுத் தாமதித்தால் அய்யாவுக்கு இருப்புக் கொள்ளாது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்த கடைசி நாட்களிலும், தம்பி பேசினானா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த மருமக்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், அன்று எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்களின் பிள்ளைகள் உட்பட வந்து நின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி. சாவுச் செய்தி கேட்டதும் விமானம் பிடித்து வந்து, அய்யாவுக்காகத் தலை முழுகி, உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்த சித்தப்பாவுக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

— மூத்த மகள்