கடைசிப் பக்கம் ஒரகடம் தாண்டி இருந்தது

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு நான் முதன்முதலாகப் போனது எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில். இன்று அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஓடுகின்றன. அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு நண்பர், லீவு நாளில் அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். கோயில்கள் இருக்கின்றன, ஏரிகள் இருக்கின்றன. நான் பார்த்தது ஒரு படக்கதை. அதைப் பற்றி இதுவரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

அப்போது நான் சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே எழுத்துக் கோக்கும் கோதண்டம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளித் தன் ஊரில் புது வீடு கட்டியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம். பாரிமுனையில் காலை ஆறு மணிக்குக் காஞ்சிபுரம் பஸ் பிடித்தேன். பூந்தமல்லி தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. ஏழே முக்காலுக்கு ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, மிச்சத்தை நடந்தேன். முகூர்த்தம் விடியற்காலையிலேயே முடிந்துவிட்டது. எனக்கு இட்லிதான் மிச்சம்.

வீட்டில் ஏதோ சரியில்லை என்று இலையில் உட்கார்ந்ததுமே தெரிந்தது. பரிமாறிய அம்மாள் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்: "கூடப் பொறந்தவ இருக்கசொல்ல பால் காய்ச்ச வேற ஆளா? இன்னா ஞாயம் இது?"

விஷயம் இதுதான். கோதண்டத்துக்கு ஒரே தங்கை, வசந்தா. புது வீட்டில் முதல் பால் அவள் கையால்தான் பொங்க வேண்டும். ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டிய தங்கைக்கு இந்த மனிதர் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருக்கிறார். அவள் வரவில்லை. அச்சடித்த காகிதத்தோடே வாழ்கிறவர்களுக்கு எதையும் காகிதத்தில் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைப்பு. நானும் அந்த ஜாதிதான்.

சாப்பாடு ஆகும்வரை பொழுது போகட்டும் என்று கோதண்டம் ஒரு பைண்டு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். "படம்னா உங்களுக்கு உசுராச்சே சார், பாருங்க."

அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் பிடித்த தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பது வீட்டுக்கு வீடு நடந்ததுதான். ஆனால் பெரும்பாலும் தொடர்கதைகள். இது 'மூன்றாம் மதகு' என்ற படக்கதை. இரண்டே வருஷம் வந்து நின்றுபோன ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. வரைந்தவர் பேர் எங்கேயும் இல்லை.

முதல் பக்கத்தைத் திருப்பியவன் அடுத்த இரண்டு மணி நேரம் யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கறுப்பும் வெள்ளையும்தான், ஆனால் அப்படிக் கோடு இழுத்தவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. கட்டங்கள் ஏரிக்கரை மாதிரி பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீளமாகக் கிடந்தன. மழையை அவர் வரையவே இல்லை. கறுப்பு மையை அப்பிவிட்டு, மழைக்கு மட்டும் காகிதத்தைச் சும்மா விட்டிருந்தார். முகங்கள் அபூர்வம். முதுகும் கையும் காலுமே பேசின. பேச்சு, பக்கத்துக்கு நாலு வரி இருந்தால் அதிகம். எங்கள் அச்சகத்துக்கு வந்துபோன ஓவியர்களை எல்லாம் ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

கதை எளிது. ஏரிக்கரையின் இரண்டு முனையில் இரண்டு ஊர். ஏரிக் காவல்காரன் வடக்கு ஊர்க்காரன், மகளைத் தெற்கு ஊரில் கொடுத்திருக்கிறான். பெருவெள்ளம். நடுவில் இருக்கும் மூன்றாம் மதகு துருப்பிடித்து அசையவில்லை. ஏதாவது ஒரு முனையில் கரையை வெட்டிவிட்டால்தான் ஏரி தாங்கும். வெட்டுகிற பக்கத்து ஊர் முழுகும். அப்பன் மண்வெட்டியோடு கரையில் ஏறுகிறான், பக்கத்தைத் திருப்பினால் பின்அட்டை.

"கோதண்டம்! மிச்சம் எங்கே?"

"அது வசந்தாகிட்ட கீது சார்" என்றார், ஏதோ பல்வலியைச் சொல்கிற முகத்தோடு.

பத்திரிகை சின்னது, எல்லாமே வாரத்துக்கு ஒரு பக்கம்தான். தாளின் இந்தப் பக்கம் படக்கதை, மறுபக்கம் வசந்தா உயிராகப் படித்த தொடர்கதை. தபால்காரரிடம் முதலில் ஓடிப் போனவருக்குத் தாள். அதனால் அண்ணன் புத்தகத்தில் நடுநடுவே ஓட்டை, தங்கை புத்தகத்திலும் ஓட்டை. கடைசி இதழில் இரண்டும் ஒரே தாளில் முடிந்தன. அதை வசந்தா பிடித்துவிட்டாள், கல்யாணமாகிப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டும் போய்விட்டாள். அன்று பெண்ணழைப்பு வண்டி கிளம்பும் நேரத்தில் எல்லார் எதிரிலும் அண்ணன், "திருடி" என்று கத்தியிருக்கிறார். ஆறு வருஷமாக நல்லது கெட்டதற்குத் தலையைக் காட்டுவதோடு சரி, பேச்சில்லை.

நான் போய்ப் படித்துவிட்டு வருகிறேன், புத்தகத்தைக் கொடுங்கள் என்றேன். "புக்கைத் தனியா அனுப்ப மாட்டேன் சார். அது எங்க போவுதோ அங்க நானும் வருவேன்." சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். அவர் மனைவி சரோஜா அதற்காகவே காத்திருந்தவள் போல, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், லட்டு எல்லாம் போட்ட பையைக் கொண்டுவந்து வைத்தாள். "அப்டியே இதையும் குட்த்துட்டு வாங்க."

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை எட்டு பத்துக்கு பஸ். ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் நாலு. டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. இரண்டு பக்கமும் வேர்க்கடலை, சவுக்கு, இடையிடையே வற்றிய ஏரி. கோதண்டம் புத்தகத்தைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"இன்னாபா அது, கொயந்தையா?" என்றார் கண்டக்டர்.

"புக்கு."

"புக்குக்கா இவ்ளோ பத்திரம்?" என்று சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.

இறங்கியதும் கோதண்டம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க சார். நான் இங்கியே கீறேன்." புத்தகத்தைக் கொடுத்தார், பையைக் கொடுக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணமான மனிதர், புது வீடு கட்டியவர், தங்கை வீட்டு வாசலுக்கு இவ்வளவு பயமா?

வசந்தா கையில் முறத்தோடு வந்தாள். யார் என்று சொல்லி, துண்டைப் பிரித்தேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு தாளையும் திருப்பி மறுபக்கத்தைத் தேடினாள். அவள் புத்தகத்தில் கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்புவாள், அடுத்த தாளில் கைக்குழந்தையோடு நிற்பாள். நடுவில் நடந்தது அண்ணனிடம் இருந்தது. நின்றபடியே படித்தாள். உள்ளே உலை பொங்கி அடுப்பு அணைந்த சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை.

படித்து முடித்ததும் உள்ளே போய்த் தன் புத்தகத்தை எடுத்து வந்தாள். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"அண்ணன் எங்க?"

"டீக்கடையில்."

"வந்து பாக்கச் சொல்லுங்க. இங்க ஒண்ணும் கடிச்சிட மாட்டாங்க."

ஓடிப் போய்ச் சொன்னேன். கோதண்டம் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைக் கழற்ற அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. வசந்தா கடைசித் தாளைத் திருப்பி அவர் எதிரில் வைத்தாள்.

ஒரே படம், பக்கம் முழுக்க. அப்பன் எந்த முனையையும் வெட்டவில்லை. கரையின் நடுவே, கழுத்தளவு தண்ணீரில் மூன்றாம் மதகின் கதவை இந்தப் பக்கமிருந்து அவன் இழுக்கிறான், அந்தப் பக்கமிருந்து மகள் இழுக்கிறாள். முகம் இல்லை. நாலு கைகள்தான். கதவு திறந்ததா என்று படம் சொல்லவில்லை, கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

கோதண்டம் நிமிரவில்லை. "இத்தினி வருஷமா, அப்பன் பொண்ணு ஊர்ப்பக்கம்தான் வெட்டிட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீயாச்சும் சொல்லி இருக்கலாமே வசந்தா."

"வந்து கேட்டியா? தபால்ல தான கேப்ப நீ."

அவர் பையிலிருந்த வெற்றிலை பாக்கை எடுத்துத் தட்டு கேட்டார். ஒரு நாள் பிந்திய அழைப்பு. அவள் அழுதுகொண்டே தட்டைக் கொண்டுவந்தாள், திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் பஸ்ஸில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து, தாம்பரம் ரயில் ஏறினேன். நல்ல புத்தகங்கள் கடையில்தான் இருக்கும் என்ற என் நினைப்பு அன்றோடு போயிற்று. எத்தனை ஊரில் எத்தனை பேர் இப்படிக் கிழித்துக் கோத்து வைத்திருக்கிறார்களோ!

இப்போது போகிறவர்களுக்கு: ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் இறங்கினால் ஒரகடம் பக்கம் ஷேர் ஆட்டோ கிடைக்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஏறாதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது. கார்த்திகையில் போனால் ஏரிகளில் தண்ணீர் பார்க்கலாம். ஒரு நாள் கையில் இருந்தால் மணிமங்கலம் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'மூன்றாம் மதகு' எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கிடைக்காது. அன்று கிளம்பும்போது நானும் கேட்டுப் பார்த்தேன்: இரண்டையும் கொடுங்கள், அச்சகத்தில் பிரித்து, ஒழுங்காகச் சேர்த்து, முழுசாக பைண்டு போட்டுத் தருகிறேன். அண்ணன் தலையாட்டத் தொடங்கியிருந்தார். தங்கை தன் புத்தகத்தை முறத்துக்கு அடியில் தள்ளினாள்.

"வேணாம் சார். முழுசா கையில கெடச்சிட்டா, அப்பறம் அண்ணன் இன்னாத்துக்கு இங்க வரப்போவுது?"