மண்ணெண்ணெய் விலையும் பேராசிரியர் ஹர்தோனோவின் அக்காவும்

சூரிச்சுக்குப் பக்கத்து ஆராவ் நகரில், தவம் அண்ணையின் தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. "தங்கச்சி, உங்கட இந்தோனேசியப் பேராசிரியர் காலமாகிட்டாராம். இங்க சாமான் வாங்க வாற அவையின்ர ஊர் ஆக்கள் சொல்லிப்போட்டுப் போகினம்," என்றார். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் அலுப்புத்தான் வந்தது. இனி யாரோடு சண்டை பிடிப்பது?

ஹர்தோனோ சூரிச்சில் பொருளியல் கற்பித்த காலத்திலிருந்தே, இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நான் அவருடைய ஆய்வு உதவியாளர். அரசு எரிபொருளை மலிவாக விற்றால் கார்க்காரனுக்குத்தான் லாபம், அந்த மானியத்தை நிறுத்து என்று புத்தகம் எழுதியவர். "முதலில் ஏழையின் கையில் காசு, பிறகுதான் விலையேற்றம்" என்பது அவர் வகுப்பில் ஓயாமல் சொன்னது.

பிறகு தன் நாட்டின் தூதராக ஜெனீவாவுக்கு வந்தார். நானும் பின்வரிசையில் இருந்த ஒரு வர்த்தகப் பேச்சுவார்த்தையில், தன் அரசு சொன்னபடி அதே மானியத்துக்காக வாதாடினார். எதிர்த்தரப்புக்காரர் சும்மா விடுவாரா? இவருடைய புத்தகத்தையே எடுத்து வாசித்தார். சபை சிரித்தது. "அந்தப் பேராசிரியரை எனக்குத் தெரியும், நல்ல மனிதர். ஆனால் அவர் இன்று இங்கே பிரதிநிதி இல்லை," என்றார் ஹர்தோனோ. வெளியே வந்து காப்பியைக் கையில் எடுத்தவர், அதைக் குடிக்காமலே நின்றார். "களைத்துவிட்டேன்," என்றார்.

ஊருக்கு அழைத்து அமைச்சராக்கினார்கள். மானியத்தைக் குறைக்கும் ஆணையில் ஒப்பமிட்டார். மண்ணெண்ணெய் விலையும் உடனே ஏறியது. ஏழைகளுக்கான காசு பிந்தியது. ஏன் என்று கேட்டால், "ஒப்பம் என்னுடையது" என்பதற்கு மேல் பேசமாட்டார். அவரைத் தாய்போல வளர்த்த அக்கா, மண்ணெண்ணெய் அடுப்பில் வாழைப்பழம் பொரித்து விற்றவர். கடையை மூடினார். தம்பியோடு பேச்சையும் நிறுத்தினார்.

பதவி போன பிறகு ஒரு விரிவுரைக்காக இங்கே வந்தவரை, தவம் அண்ணையின் கடைக்குக் கூட்டிப்போனேன். அண்ணைக்கு வாய் சும்மா இருக்குமா? "அவர் செய்தது சரியோ எண்டு கேளும் தங்கச்சி," என்றார். கேட்டேன்.

"கணக்கு சரி. அக்காவும் சரி," என்றார். "இதில் ஒன்றைப் பிழை என்று சொல்லிவிட்டால் நிம்மதி. எனக்குத்தான் மனம் வருகுதில்லை."

"பாவமப்பா இந்த மனுசன்," என்று அண்ணை தேநீர் ஊற்றினார்.

செய்தி கேட்ட மறுநாள் அவருடைய மனைவியோடு தொலைபேசியில் கதைத்தேன். கடைசிக் கிழமை அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நீட்டி, "நீ செய்தது பிழைதான். சாப்பிடு," என்றாராம்.

வகுப்பிலும் சபையிலும் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிதர், கஞ்சிக்காக வாயைத் திறந்தாராம். அவருடைய புத்தகங்கள் நூலகத்தில் இருக்கும். நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாய்க் கஞ்சியை.