பிள்ளை பெற்ற வீட்டுச் சுறா

எண்பதுகளில் நான் மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு தாய்சேய் கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். எல்லோருக்கும் நான் மிஸ்ஸி. காலையில் கர்ப்பிணிகளுக்கு வயிறு பார்ப்பது, குழந்தைகளுக்கு ஊசி போடுவது, மத்தியானத்துக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நடந்துபோய்த் தொப்புள் பார்ப்பது. என் கால் நரம்புகள் புடைத்துக்கொண்டது அந்த நடையில்தான். இப்போது யாராவது என்னிடம் சேவை, தியாகம் என்று பேச ஆரம்பித்தால் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டுகிறேன். பேச்சு நின்றுவிடுகிறது.

இந்த லட்சணத்தில் மீன் வேறு வந்து சேர்ந்தது. எங்கள் மேலதிகாரி ஒரு இளம் டாக்டர். நல்லவர், ஆனால் ஓயமாட்டார். பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று தின்று அவற்றில் இருக்கும் பாதரசத்தையெல்லாம் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன, சுறாவில் அது அதிகம், வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் பால்குடிப் பிள்ளையின் மூளைக்கும் அது ஆகாது என்று எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தலை சுற்றியது. தமிழர்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று கொடுப்பதே பால்சுறாதான். அதை அவித்துத் தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் போட்டுப் புட்டாக்கிக் கொடுப்பார்கள். நான் போகும் வீடுகளில் பாதி வீடுகள் அந்த வாசனையோடுதான் இருக்கும்.

நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சின்ன மண்டபம் உண்டு. முதல் கூட்டத்தை அங்கே வைத்தேன். "சுறாவுல பாதரசம் இருக்கு" என்றேன். முன் வரிசையிலிருந்த பெரியவர் முகம் மலர்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்தார். அதில் ஒரு ரசமணி தொங்கியது. கட்டின பாதரசம், காத்து கருப்பு அண்டாது, அதுதானே மிஸ்ஸி, மீனிலேயே இருந்தா ரொம்ப நல்லதாச்சே என்றார். பெண்கள் தலையாட்டினார்கள். நான் பதறிப்போய், "அது இல்ல ஐயா, காய்ச்சல் பார்க்கிற குழாய்ல வெள்ளி மாதிரி ஓடுதே, அது" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மீனுக்குள்ள வெள்ளி இருந்தா நான் ஏன் மிஸ்ஸி வெயில்ல மோட்டார்ல சுத்துறேன்? வயித்தக் கிழிச்சு எண்ணி எடுத்துக்க மாட்டேனா?"

எங்கள் ஊரில் வெள்ளி என்றால் காசு. கூட்டம் சிரித்துக் கலைந்தது. பேசியவர் மீன்கார அண்ணே. அந்தக் குடியிருப்புக்கும், தண்ணீர்மலை ரோட்டுப் பக்கம் என் வீட்டுக்கும், அவர்தான் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவருபவர். அவரும் அந்தக் குடியிருப்பில்தான் இருந்தார். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குடியிருப்பில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் பால்சுறா அவர் கொடுப்பது. அதற்குக் காசு வாங்கமாட்டார். தாய் வீடு தூரமாகிப் போன பெண்களுக்கு அந்த ஒரு சுறா பெரிய ஆறுதல். அவர் அதைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு ஹார்ன் அடித்தபடி வருவதை வைத்தே எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

கூட்டம் இப்படிப் போனதும் டாக்டருக்கு வேறு யோசனை வந்தது. மிஸ்ஸி சொன்னால் நம்பமாட்டார்கள், பிடிப்பவரும் விற்பவரும் சொன்னால் நம்புவார்கள் என்றார். யோசனை தப்பில்லை. அதைச் செய்ய அலையப்போவது யார் என்பதுதான் என் கவலை. தீவின் தென்கோடியில் மலாய் மீனவர்களின் படகுத்துறை. ஒரு சனிக்கிழமை பஸ் மாறி மாறி அங்கே போனோம். மீன்கார அண்ணே மீன் எடுப்பது அங்கேதான் என்பதால் அவரையும் வரச் சொல்லியிருந்தேன்.

மீனவர்களுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் பாக் சிக் என்று கூப்பிட்டார்கள், சித்தப்பா என்பது போல. டாக்டர் பேசப் பேச அவர் வலையின் ஒரு முனையைக் கையில் வைத்துப் பிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார். சுறாவின் துடுப்பைச் சீன முதலாளியான தவுக்கே எடுத்துக்கொள்கிறார், உடம்பை வாங்குவது தமிழர்கள் மட்டும்தான். தாய்மாருக்குப் போகிற மீன் என்று நாங்கள் அதைத் தனியாக எடுத்து வைக்கிறோம். இப்போது நாங்களே போய் அது விஷம் என்று சொல்ல வேண்டுமா? கடலில் அழுக்கைக் கொட்டினவனிடம் போய் இந்தக் கூட்டத்தைப் போடுங்கள் என்றார். அவர் எழுந்து போக, மற்றவர்களும் பின்னால் போனார்கள். கொண்டுபோன பிஸ்கட்டை நானும் டாக்டரும் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தோம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் மீன்கார அண்ணே மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். வழக்கமான கிண்டல் இல்லை.

"மிஸ்ஸி, என் மகளுக்கு ஏழாம் மாசம். தலைப்பிள்ளை. சுங்கை பாக்காப்ல புருசன் வீட்டுலேருந்து கூட்டியாந்துட்டோம். கூட்டத்துல கேக்க வெக்கமா இருந்துச்சு. நெசமாவே ஆவாதா?"

"ஆவாது அண்ணே."

"அப்ப இத்தனை வருசமா நான் குடுத்த வீட்டுப் பிள்ளைங்க?"

ஒரு தடவை இரண்டு தடவை தின்றால் ஒன்றும் ஆகிவிடாது, தொடர்ந்து தின்பதுதான் கெடுதல் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. "மகளுக்கு நான் சுறா குடுக்கலன்னா தெருவே கேக்கும். குடுத்தா, தெரிஞ்சே குடுத்தவனாவேன். என்னா மிஸ்ஸி செய்றது?" என்றார்.

அப்போதுதான் காரல் மீனைச் சொன்னேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்து வழி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் வீட்டில் வைப்பது தேங்காய்ப்பால் விட்ட காரல் சொதி. உள்ளங்கைக்குள் அடங்கும் மீன், சின்னது, அதில் பயமில்லை. அவருக்கு முதலில் புரியவில்லை. நான் கையால் அளவு காட்டியதும் முகம் கோணிற்று.

"கெகெக்கா? ஐயோ மிஸ்ஸி, அது வாத்து திங்கிறது லா!"

உண்மைதான். மலாய்க்காரர்கள் கெகெக் என்று சொல்லும் அந்த மீனை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. வாத்துப் பண்ணைக்காரன் வந்து கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போவான். சொன்னதோடு என் கடமை தீர்ந்தது என்று நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஆனால் மனிதர் யோசித்திருக்கிறார். மகள் பெற்ற அன்று விடியற்காலையில் படகுத்துறைக்குப் போய், பாக் சிக்கிடம் கெகெக் கேட்டிருக்கிறார். எப்போது வாத்து வளர்க்க ஆரம்பித்தாய் என்று அவர் கேட்டாராம். மகளுக்கு என்று இவர் சொன்னதும், கூட்டத்திலிருந்து எழுந்து போன அந்த மனிதர் குந்தி உட்கார்ந்து, வாத்துக்காரன் கூடைக்குப் போகுமுன் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தாராம். பிறகு தினமும் தனியாக எடுத்து வைத்தாராம். இதை மீன்கார அண்ணேதான் என்னிடம் வந்து சொன்னார். நான் டாக்டரிடம் சொன்னேன். அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்றார்.

நான் தொப்புள் பார்க்கப் போன ஒரு நாளில்தான் சம்பந்தி வீட்டார் பேரனைப் பார்க்க வந்திருந்தார்கள். சம்பந்தி அம்மா தோட்டத்தில் உழைத்து உரமேறிய பெண்மணி. குழந்தையைக் கொஞ்சினார், மருமகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்தார். அதில் காரல் குழம்பு.

"ஊருக்கெல்லாம் பால்சுறா. பெத்த மகளுக்கு வாத்துத் தீனியா?"

மீன்கார அண்ணே கைகளைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நான் ஏதாவது பேசுவேன் என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்துவிட்டார். பாதரசம் என்றால் ரசமணிக் கதையாகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, நான் மண்டபத்தில் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"சுறாவுல வெள்ளி இருக்கு சம்பந்தி. பிள்ளைக்கு ஆவாது."

"வெள்ளி இருக்கா? அப்ப அந்த வெள்ளிய மிச்சம் புடிக்கத்தான் இந்த மீனுன்னு நேரா சொல்லுங்களேன்!"

நான் குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் விளக்கினேன். யார் காதிலும் விழவில்லை. அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசல் சாக்கடைக் காலுவாயில் கொட்டினார். கொட்டுவதை மீன்கார அண்ணே நின்று பார்த்தார். மகள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிள்ளை பெற்ற முப்பதாம் நாள் கழிவதற்கு முன்னாலேயே, எங்கள் பிள்ளைக்கு எப்படிப் பால் ஊற வைக்கிறது என்று எங்களுக்குத் தெரியும் என்று, தாயையும் சேயையும் சுங்கை பாக்காப்புக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

குடியிருப்பின் சுவர்கள் மெல்லியவை. பாதிப் பேர் மீன்காரர் கஞ்சன் என்றார்கள். மீதிப் பேர், மீனில் விஷம் இருக்கிறது என்று மீன்காரரே சொல்கிறார் என்று மீன் வாங்குவதையே நிறுத்தினார்கள். சுறாவை மட்டும் சொன்னேன் என்று அவர் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டு காரலைக் கொண்டுபோனார். கதவைத் திறந்தவர்கள், வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டார்கள். நான் கூட்டம் போட்டதால் ஒரு மனிதர் பிழைப்பு கெட்டது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை. டாக்டருக்கு மாற்றல் வந்துவிட்டது. மீன் விஷயத்தைப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்துக் குழந்தைக்கு முடி இறக்கத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்த சம்பந்தி வீட்டார், ஊசியையும் போட்டுவிடலாம் என்று என் கிளினிக்குக்கு வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. தராசில் வைத்தேன். நல்ல எடை. சம்பந்தி அம்மா பெஞ்சில் காத்திருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

"பாருங்க மிஸ்ஸி, சுறா தின்னு சுரந்த பாலு! விசமா இது?"

பெஞ்சே குழந்தையைப் பார்த்தது. எனக்குக் காலும் வலித்தது, மனமும் வலித்தது. பால் கொடுக்க வேண்டும் என்று மீன்கார அண்ணேயின் மகள் திரைக்குப் பின்னால் வந்தாள். அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வாய் திங்கல மிஸ்ஸி. தட்டுல வாங்கிப்பேன், பின்னாடி போயி பூனைக்குப் போட்டுருவேன். அன்னிக்கு அவங்க கொட்டுனப்ப அப்பா மூஞ்சியப் பார்த்தேன். அப்புறம் எப்புடி எறங்கும்? அத்தைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பந்தி அம்மாவின் பிரசங்கம் நின்றுவிடும். சொல்லவில்லை. அவள் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் சுறா சாப்பிடாதீர்கள் என்று வழக்கம்போலச் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மீன்கார அண்ணே என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பெட்டியில் முக்கால்வாசி மீன் விற்காமல் இருந்தது. மகள் வந்து போனதைச் சொல்லி, அவள் சொன்னதையும் சொன்னேன்.

"பூனைக்கா?" என்றார். சிரிக்க ஆரம்பித்தார். "சம்பந்தி வீட்டுப் பூனை நல்லா கொழுத்திருக்கும் லா." சிரித்துக்கொண்டே இருந்தவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

துண்டை எடுத்ததும், "வெளிய சொல்ல வேணாம் மிஸ்ஸி. அது அங்க வாழணும்" என்றார்.

"சொன்னாத்தானே அண்ணே, உங்க பேரு திரும்பும்?"

அவர் பெட்டியைத் திறந்து, ஐஸுக்கு அடியிலிருந்து காரலைக் கை நிறைய அள்ளிப் பேப்பரில் சுற்றி நீட்டினார். நான் உள்ளே போய்ப் பர்ஸை எடுத்து வந்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"பிள்ளை பெத்த வீட்டு மீன் மிஸ்ஸி. காசு வாங்கக் கூடாது."

"எங்க வீட்டுல யாரு அண்ணே பிள்ளை பெத்தது?"

"எங்க வீட்டுல பெத்துருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். தெரு முனை திரும்பும்வரை ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்.