மூன்று கண் பாலத்து ஓவர்சியர்

ஓவர்சியர் ஞானமுத்து சுரண்டையில் காலமான செய்தியைத் தென்காசி பஸ் கண்டக்டர்தான் சொன்னார். "நம்ம ஊர்ப் பாலத்தைக் கோட்டைவிட்டாரே, அந்த ஓவர்சியர் போய்ச் சேந்துட்டாரு அண்ணாச்சி." செத்த மனிதருக்கு எங்கள் ஊர் கொடுத்த பட்டம் அது. அவரோடு வேலை பார்த்தவர்களும் பழகியவர்களும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். கோட்டைவிட்டது அவரல்ல.

எங்கள் ஊர் மேலகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. குற்றால மலையில் ஐப்பசி மழை அடித்தால் ஓடை பெருகி ஊருக்குள் வந்துவிடும். பழைய பாலம் அப்படித்தான் போயிற்று. புதுப்பாலத்துக்கு அளவெடுக்க ஞானமுத்து வந்தபோது நான் ஊர்க் கர்ணம். வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊரார் காட்டும் குறியை வைத்துத்தான் பாலத்துக்கு எத்தனை கண், அதாவது அடியில் தண்ணீர் போக எத்தனை வழி, என்று கணக்குப் போடுவார்கள்.

ஓடைக்கரைச் சுடலைமாடன் பீடத்தில் நெஞ்சளவுக்கு வண்டல் கறை படிந்திருந்தது. அதைக் காட்டினால் ஐந்து கண் வேண்டும். அதற்கேற்ப வடிகாலையும் அகலமாக வெட்ட வேண்டும். வெட்டினால் இரண்டு பக்கமும் நஞ்சை போகும். என் வயலும் அதில் உண்டு. அவர் வருவதற்கு முந்தின நாள் பீடத்துக்கு வெள்ளையடித்துவிட்டோம். அவ்வளவு கெட்டிக்காரர்கள் நாங்கள்.

அவர் கிறிஸ்தவர்; ஆனாலும் செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்து பீடத்தைப் பார்த்தார்.

"கோயில் கொடைக்கு இன்னும் நாள் கிடக்கே, அதுக்குள்ள சுண்ணாம்பு அடிச்சிருக்கியளே?"

"நேர்ச்சை சார்வாள்" என்றேன்.

"சரி, சாமி காரியம். வேதக்காரன் நான் நோண்டப்படாது" என்று சொல்லி, வெள்ளம் இதுவரைதான் என்று நான் காட்டிய பீடத்தின் கீழ்ப்படியில் அளவுகோலை வைத்தார். மூன்று கண் என்று முடிவாயிற்று.

கட்டும்போது அவர் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்று, சாந்தை நகத்தால் கீறிப் பார்ப்பார். திருப்தியில்லை என்றால் இடிக்கச் சொல்வார். இருக்கிற வடிகாலையாவது தூர்வாருங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். "தண்ணி போற வழியில நாத்தை நட்டுட்டு, வீட்டுக்குள்ள வந்துட்டுன்னு அழுதா யாரு கேப்பா?" என்று சத்தம் போடுவார். நாங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவோம். ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

இரண்டு மழைக்குப் பாலம் தாங்கியது. மூன்றாம் மழையில் வண்டிக்கார இசக்கி பாலத்தின் மேல் இருக்கும்போதே விழுந்தது. அவரும் போனார், மாடுகளும் போயின.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அதே கீழ்ப்படியைக் காட்டி நான் கையெழுத்துப் போட்டேன். குறி சரி, கண்தான் போதவில்லை, ஓவர்சியர் கணக்கில் பிசகு என்று முடித்தார்கள். அவர் வேலை போயிற்று. ஊரை விட்டுப் போகுமுன் என் வீட்டுக்கு வந்தார்.

"கர்ணம் அண்ணாச்சி, வேலைக்காகக் கேக்கலை. எங்க தப்புனேன்னு எனக்குத் தெரியணும். அந்தக் குறி சரிதானா?"

திண்ணைக்கு அந்தப் பக்கம் என் வயல் பச்சையாக நின்றது. இசக்கியின் பெண்டாட்டியும் காதில் விழும் தூரத்தில் தெருவில்தான் இருந்தாள்.

"சரிதான் சார்வாள்."

"அப்போ என் கையிலதான் கோளாறு" என்றார். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

இப்போது ஓடையின் மேல் இரண்டு பனந்தடி கிடக்கிறது. வடிகாலில் இந்த வருஷமும் நாற்று நட்டிருக்கிறார்கள். புதுப்பாலம் வரும் என்கிறார்கள். வந்தாலும் குறி காட்டப்போவது நாங்கள்தானே.

துஷ்டி கேட்கச் சுரண்டை போயிருந்தேன். அவர் மனைவி ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். "சாவுற வரைக்கும் இதைத்தான் போட்டுப் போட்டுப் பாத்தாவ. கர்ணம் அண்ணாச்சி பொய் சொல்லாத மனுசர், அவுககிட்ட ஒருநா காட்டணும்னு சொல்லுவாவ. நீங்களே வச்சுக்கிடுங்க."

அந்த அம்மாளிடமும் உண்மையைச் சொல்லாமல் நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நான் காட்டிய குறியை வைத்து ஒரே கணக்கை வெவ்வேறு மையில், வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று கண் என்றே விடை வந்திருக்கிறது.