முதுகைக் காட்டிப் பிடித்த விரால்

பல் மருத்துவமனையின் அடித்தளத்தில், பிளாஸ்டர் தூசு படிந்த ஒரு மேசையில், இருபத்தாறு வருஷமாகப் பிறர் வாய்க்குப் பல் செய்துகொண்டிருப்பவரைப் பல்செட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பொறுமைசாலி என்று பேர். அச்சு இறுகும்வரை காத்திருப்பார். வெந்த பிசின் ஆறும்வரை காத்திருப்பார். யாரோ ஒரு பெரியவர் ஏழாவது தடவையாக வந்து, கடித்தால் இடிக்கிறது என்றாலும் முகம் சுளிக்காமல் ராவிக் கொடுப்பார். இத்தனை பொறுமையும் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தீர்ந்துபோகும்.

அந்த நேரத்துக்கு அவர் ஊருக்கு வெளியே, கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டான குட்டையில் நிற்பார். அங்கே விரால் உண்டு. புழுவைக் கோத்து ஆழத்தில் விட்டுவிட்டுக் குடைக்கடியில் கொட்டாவி விடுவதெல்லாம் அவர் கணக்கில் மீன்பிடிப்பே இல்லை, பென்ஷன் ஆபீஸ் வரிசை. அவருடையது மேல்தண்ணீர் வேலை. தக்கையில் தவளை செதுக்கி, ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பிசினை மேலே பூசி, கையுறை ரப்பரைக் கீறிக் கால் வைப்பார். குட்டையில் மிதக்கிற இலைகளுக்கு நடுவே அதை வீசி, தண்ணீர்மேல் தத்தித் தத்தி வரும்படி இழுப்பார். கீழேயிருந்து எதுவோ பார்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று தண்ணீர் வெடிக்கும். வாளியைத் தூக்கி எறிந்தது போல ஒரு சத்தம், ஒரு கருத்த வாய், அப்புறம் வெறும் வளையம். அந்த ஒரு நொடியை நம்பித்தான் மனிதர் மிச்ச ஆறு நாளும் அடுத்தவர் வாயைச் சகித்துக்கொண்டிருந்தார்.

வினையும் அந்த நொடியில்தான். விரால் முதலில் அறையும், பிறகுதான் கவ்விக்கொண்டு கீழே திரும்பும். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு இழுத்தால் மீன் வரும். வெடித்தவுடனே இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். மூன்று வருஷமாகப் பல்செட்டுக்குத் தவளைதான் பறந்து வந்தது. ஒரு முறை காது மடலிலேயே வந்து குத்திக்கொண்டது. மருத்துவர் ஈறுக்குப் போடுகிற ஊசியைக் காதுக்குப் போட்டு, குறடு வைத்துப் பிடுங்கினார். பக்கத்து நாற்காலிக்காரர் திறந்த வாயை மூடாமலேயே சிரித்தார்.

வீட்டில் இந்தத் தவளைகளுக்குத் தனி அறை. மனைவியின் தையல் மிஷினுக்கோ பிரிட்ஜுக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவே இரண்டடி இடம். யாரோ தைக்கக் கொடுத்த வெள்ளைக் கவுனில் எண்ணெய் தெறித்த அன்றைக்கு அவள் கத்தவில்லை. மிஷினை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மாசக் கடைசி ஞாயிறு வரைக்கும் டைம். ஒரே ஒரு மீனு, என் கண்ணு முன்னாடி. இல்லைன்னா அந்த ரூம் எனக்கு."

ஒன்றென்ன, ஒன்பது பிடிக்கிறேன் என்று இவர் மார்தட்டினார்.

கடைசி ஞாயிறும் வந்தது. மடக்கு நாற்காலியோடும், கால் மடித்துத் தைக்க வேண்டிய ஒரு பேன்ட்டோடும் அவள் கரையில் உட்கார்ந்தாள். முதல் வீச்சிலேயே தண்ணீர் வெடித்தது. இவர் இழுத்தார். தவளை பறந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. எதிர்க்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ் டிரைவர், "யோவ் பல்செட்டு, அதைக் கொஞ்சம் கடிக்கத்தான் விடேன்யா" என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் அரைமணி போனால் எந்த விராலும் மேலே வராது. பிசின் வாடையும் தூசும் நிறைந்த அந்த அடித்தளத்திலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொள்ளத் தனக்கென்று இருப்பது அந்த ஒரு அறைதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவள் நூலைப் பல்லால் கடித்தபடியே, "பார்க்கிறதாலதானே கை துள்ளுது? திரும்பி நின்னு போடுங்களேன்" என்றாள்.

மானம் போகிற யோசனைதான். ஆனாலும் தவளையை வீசிவிட்டு, கம்பைத் தோளில் சாய்த்து, மூட்டை தூக்குகிறவர் மாதிரி குட்டைக்கு முதுகைக் காட்டி நின்று ரீலைச் சுற்றினார். டிரைவர் விசிலடித்தார். பல்செட்டின் கண்ணுக்குத் தெரிந்தது மனைவியின் முகம் மட்டும்தான். அந்த முகம் திடீரென்று மாறியது. வாய் பிளந்தது, மடியிலிருந்து பேன்ட் வழுக்கி விழுந்தது. பின்னால் இடி போல ஒரு சத்தம். எதைப் பார்த்து இழுப்பது என்று கைக்குத் தெரியவில்லை. அது முழிப்பதற்குள் கம்பே வளைந்துவிட்டது. இழுத்தார். கனத்தது.

கை நீளத்துக்கு விரால். வாளிக்குள் வால் மடங்கிக் கிடந்தது.

"பாதி உடம்பு வெளிய வந்துச்சுங்க" என்றாள் அவள், மூச்சு வாங்க. "இலையைக் கிழிச்சுக்கிட்டு வந்துச்சு. தண்ணி அந்தக் கல்லு வரைக்கும் தெறிச்சுது."

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

"வலது பக்கம். இல்லை, இருங்க, இடது."

"எந்தப் பக்கம்னுகூடத் தெரியலையா உனக்கு?"

மூன்று வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த மீனை அவர் குனிந்து பார்த்தார். யாரோ சாப்பிட்ட இலையைத் தனக்கு முன்னால் போட்ட மாதிரி இருந்தது.

"இது கணக்குல சேராது" என்றார்.

"ஏன் சேராது? என் கண்ணு முன்னாடின்னுதானே பேச்சு. உங்க கண்ணைப் பத்தி யாரு பேசினா? ரூம் உங்களுக்குத்தான், கிளம்புங்க."

"பார்க்காம பிடிச்சா கடையில வாங்கின மாதிரி. இன்னும் ஒரே வீச்சு, நேரா நின்னு போடறேன். அதுல வந்தாத்தான் ரூம் எனக்கு. வரலைன்னா..."

அவள் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி, அவர் வாக்கியம் முழுசாக முடியும்வரை காத்திருந்தாள்.

"...நீயே எடுத்துக்க."

"சரி" என்றாள்.

அவர் குட்டையைப் பார்க்கத் திரும்பி நின்று வீசினார். தவளை இரண்டு தத்து தத்தியது. மூன்றாவதில் தண்ணீர் பிளந்தது. வாய், தலை, வெயிலில் மின்னிய மஞ்சள் வயிறு எல்லாவற்றையும் கண்ணாரப் பார்த்தார். பார்த்த கணமே இழுத்தார். தவளை அவர் தலைக்குமேல் பறந்து போய்ப் பின்னாலிருந்த புதரில் தொங்கியது. டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பார்த்தியா? பார்த்தியா அதை?" பல்செட்டுக்கு வாயெல்லாம் பல்.

அவள் பேன்ட்டிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேன், பார்த்தேன். அந்த ரூம்ல ஜன்னல் பக்கத்துல ஒரு பிளக் பாயின்ட் இருக்குல்ல?"