மூக்கு மாமாவின் மிளகு

ஒயின் பீப்பாயின் வாயில் மூக்கை நுழைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து, உடனே தலையைத் திருப்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார். நிலவறைக்குள் வருகிற எவர் கையையும் முகராமல் விடமாட்டார். சோப்பு மணந்தால் வாசலோடு சரி. "வாசனையெல்லாம் வெளியவே கழட்டி வச்சிட்டு வாங்க" என்பார். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவரை மூக்கு மாமா என்கிறார்கள். அது அவருக்குத் தெரியும். பெயரை வைத்தது யார் என்றுதான் இன்னும் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய திராட்சை குளிர்காற்று ஓயாத மேல்சரிவில் விளைகிறது. வெயில் போதாமல் ஆற அமரப் பழுக்கும். அதில் வடிக்கிற சிவப்பு ஒயின் சற்று வெளிறியிருக்கும். நாக்கில் புளிப்புத் துள்ளும். மூக்கில் இடித்த மிளகு மணக்கும். அந்த மிளகை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது. கீழ்த்தோட்டத்தில் வெயில் உண்டு. அந்த ஒயினில் மிளகு கிடையாது, ஜாம் வாசம்தான். இரண்டும் ஒரே நிலவறையில், ஒரே மாதிரிப் பீப்பாய்களில் இருக்கின்றன. எதில் எது என்று எழுதி வைக்கமாட்டார். "எழுதி வச்சா, திருட வர்றவனுக்கு நாமளே வழி சொன்ன மாதிரி ஆயிடும்."

சந்தேகத்தில் பெரும்பங்கு மருமகனுக்கு. "மாப்பிள்ளை இவ்வளவு நல்லவரா இருக்காரே" என்று மகளிடமே கவலைப்பட்டவர் மூக்கு மாமா. முதுகுவலி வந்தபோது, வேறு வழியில்லாமல், பீப்பாய் நிரப்பும் வேலையை மாப்பிள்ளையிடம் விட்டார். பீப்பாயின் மரம் ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்துவிடும். குறைந்த இடத்தில் காற்று தங்கினால் கெட்டுப்போகும். அதே ஒயினை ஊற்றி விளிம்புவரை நிரப்ப வேண்டும்.

வலி தணிந்து இறங்கிவந்து முகர்ந்தால், மேல்சரிவுப் பீப்பாய் ஒன்றில் மிளகு மங்கியிருந்தது. மேலே போய் மகளிடம் கொட்டித் தீர்த்தார். "நல்ல சரக்க எவனுக்கோ வித்துட்டு, மட்டத்த ஊத்தி மூடியிருக்காரு உன் வீட்டுக்காரர்."

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்கப்பா."

"இது மட்டும் நிரூபணமாகட்டும், அப்புறம் இந்த வீட்டுல அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மகளுக்கு அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. அப்பா மாப்பிள்ளையை நிலவறைக்குக் கூப்பிட்டபோது, இருவருக்கும் முன்னால் படியிறங்கிப் போய் நின்றுகொண்டாள்.

மூக்கு மாமா, நிறம் தெரியாதபடி ஒரு எவர்சில்வர் தம்ளரில் கீழ்த்தோட்டத்து ஒயினை ஊற்றி மருமகனிடம் நீட்டினார்.

"மிளகு எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"சும்மா தூக்குது மாமா!"

"இது கீழ்த்தோட்டம்."

மருமகன் மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நீங்க சொல்ற மிளகு எனக்கு வந்ததே இல்ல மாமா. மத்த வாசமெல்லாம் வரும், அது மட்டும் வராது. முதமுதல்ல இந்த வீட்டுக்கு வந்தப்போ மிளகு தெரியுதான்னு கேட்டீங்க. தெரியலைன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்து, தூக்குதுன்னுட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? ரொப்பும்போது பீப்பாய் மாறிப்போயிருக்கும்."

அந்த மிளகு மட்டும் பிடிபடாத மூக்குகள் சில உண்டு என்று மாமாவுக்குத் தெரியும். ஒயின் வாங்க வருகிறவர்களிலேயே பார்த்திருக்கிறார். தன் மருமகனிடம் அதைத் தேட அவருக்குத் தோன்றவில்லை, திருட்டைத்தான் தேடினார். பீப்பாயில் ஒரு கோடு கிழித்திருந்தால் இந்தத் தவறே நடந்திருக்காது என்பதும் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மிளகு மங்கிய பீப்பாயிலிருந்து அந்தத் தம்ளரிலேயே நிறையப் பிடித்தார்.

"இத விக்க முடியாது. வீட்டுக்கு இருக்கட்டும்."

பாதியைக் குடித்தார். விளிம்பைத் துடைக்காமல், மீதியை மருமகன் கையில் கொடுத்தார்.