கட்டிலிலிருந்து எழுந்தால் மணி

கிள்ளைப் பக்கம் சுனாமிக் குடியிருப்பில் ஒரு பெரியவரின் இடுப்பில் சென்சார் பட்டை கட்டினோம். எங்கள் கல்லூரி ஆராய்ச்சி அது. பக்கவாதத்தில் அவருக்கு ஒரு கால் இழுத்திருந்தது. அவர் கட்டிலை விட்டு எழுந்தால் அடுப்படியில் உள்ள பெட்டி மணி அடிக்கும். மனைவி ஓடிவந்து விழாமல் பிடித்துக்கொள்வார். எங்கள் ஏற்பாடு அப்படி.

அந்த அம்மாளுக்கு முன்பல் இரண்டு இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் சுவரில் முதுகை ஒட்டி, கதவைப் பார்த்துத்தான் உட்காருவார்.

ஒருநாள் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அந்த அம்மாள் ஓடினார், ஆனால் பின்வாசல் வழியாக வெளியே. பெரியவர் வீசிய கைத்தடி, அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த இடத்துச் சுவரைப் பெயர்த்தது.

"கால் போச்சி, கை போவல தம்பி," என்றார் அந்த அம்மாள், வேலிக்கு அப்பாலிருந்து. "முன்னல்லாம் தலமாட்டுல வந்து நின்னப்பறந்தான் தெரியும். இப்ப மணி சொல்லிடுது."

அடுத்த முறை போனபோது அந்த அம்மாளுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. காது மடலில் தையல். பெட்டிதான் பழுது என்று கழற்றப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அத குத்தம் சொல்லாதீங்க. சரியாத்தான் அடிச்சிது. எனக்குத்தான் முட்டி புடிச்சிக்கிச்சி, எந்திரிக்க முடியல."

பெரியவர் ஒருமுறைகூட விழவில்லை என்று எங்கள் பேராசிரியர் பிற்பாடு பெருமைப்பட்டார். உண்மைதான். அந்த வீட்டில் விழுந்தவருக்கு நாங்கள் பட்டை கட்டவில்லை.